டீச்சருக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்?

நான் படிப்பது பி.காம். அறிவியலைப் பத்தாவதோடு விட்டவன். ஆனாலும் அறிவியல் டீச்சர்களைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 2009ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 2010 ஆகஸ்டில், எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்க வருபவர்களுக்குத் தகுதித் தேர்வு (நம்ம ஊர் பேச்சில் 'டெட்') கட்டாயம் ஆனது. அப்போது 150க்கு 90 எடுத்தால் பாஸ்.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12ல் நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். பாஸானவர்கள் சுமார் 2,400 பேர்தான்! நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. "வாத்தியாருக்கே ஒன்றும் தெரியவில்லை" என்று ஊரே சிரித்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விகள். ஒரு கேள்விக்கு 36 விநாடி. அதே ஆண்டு அக்டோபர் 14ல் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி தேர்வு வைத்தார்கள். சுமார் 19,000 பேர் பாஸ். மூன்றே மாதத்தில் அறிவு எட்டு மடங்கு வளர்ந்துவிடுமா என்ன? முதல் தேர்வு பாதி கடிகாரத்தைத்தான் சோதித்திருக்கிறது.

இன்னொன்று. ஆறு முதல் எட்டு வரைக்கான தாளில் கணக்கும் அறிவியலும் சேர்ந்து 60 கேள்விகள். தாவரவியல் படித்தவரும் இயற்பியல் படித்தவரும் ஒரே தாளைத்தான் எழுத வேண்டும். நியாயம்தான், வகுப்பிலும் எல்லாவற்றையும் ஒருவரே நடத்துகிறாரே.

இப்போது என் காரணம். எங்கள் டீச்சர் படித்தது விலங்கியல். எட்டாவதில் ஒருநாள், "டீச்சர், ஒகேனக்கல்ல அவ்வளவு பெரிய பரிசல் மிதக்குது, சின்னக் கல்லு ஏன் முழுகுது?" என்று கேட்டேன். "சரியா தெரியலப்பா, நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் ஒரு குண்டானில் தண்ணீரும் ஒரு அலுமினியத் தாளும் கொண்டு வந்தார். தாளைக் கிண்ணம் மாதிரி மடித்து விட்டார், மிதந்தது. அதையே இறுக்கிக் கசக்கிப் போட்டார், முழுகியது. எடை அதேதான், ஒதுக்கும் தண்ணீர்தான் குறைந்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

2025 செப்டம்பர் 1ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிற பழைய ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும். எங்கள் டீச்சர் 2010க்கு முன்பே சேர்ந்தவர். இப்போது ராத்திரியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பாடம் வரை தப்பில்லாமல் தெரிந்திருப்பது குறைந்தபட்சம். அதைத் தேர்வு சோதிக்கட்டும். ஆனால் "தெரியல, நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் குண்டானோடு வருகிற குணத்துக்கு எந்தத் தாளில் மார்க் இருக்கிறது?