மாத்திரைக்குள் இருக்கும் ‘சும்மா’ மாவு: ஒரு சிறு வரலாறு

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணைநகரம். 1953இல் முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியை நினைவுகூரும் பெயர் அது. அன்று குடிவந்த இளம் தம்பதியர் பலர் இன்று தாத்தா, பாட்டி. பலதுறை மருந்தகத்தில் வாங்கும் மாத்திரையின் நிறம் மாறிவிட்டால், “மருந்து அதேதான் பாட்டி, கம்பெனிதான் வேற”ன்னு பேரப்பிள்ளைகள் சொல்லுவாங்க. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அந்த ‘அதேதான்’ சும்மா வந்துவிடவில்லை.

மாத்திரையில் மருந்து சில மில்லிகிராம் மட்டுமே இருக்கலாம். மீதி லாக்டோஸ், மாவுச்சத்து, கால்சியம் உப்பு போன்ற துணைப்பொருள்கள். இவை வெறும் நிரப்பி, உடம்பில் ஒன்றும் செய்யாது என்றே வெகுகாலம் கருதினார்கள்.

முதல் சந்தேகம் 1950களில் எழுந்தது. டெட்ராசைக்ளின் குளிகைகளில் கால்சியம் பாஸ்பேட் நிரப்பியிருந்தால், மருந்து குறைவாகவே இரத்தத்தில் சேர்ந்தது. மருந்தைக் கால்சியம் பிடித்துவைத்துக்கொண்டது. அந்த மருந்தைப் பாலோடு சாப்பிடாதீங்கன்னு சொல்வதும் இதனால்தான்.

பெரிய பாடம் 1968, 1969இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கிடைத்தது. வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின் சாப்பிட்டு வந்தவர்கள் பலருக்குத் திடீரென்று நடை தள்ளாடியது, தலை சுற்றியது. மருந்தின் அளவை யாரும் கூட்டவில்லை. அப்புறம் என்னதான் மாறியது? குளிகையின் நிரப்பி! கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். முன்பு கால்சியம் மருந்தின் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவந்தது. தடை நீங்கியதும் இரத்தத்தில் மருந்து ஏறியது. ஃபெனிட்டாயினைக் கல்லீரல் ஓரளவுக்குமேல் வேகமாக வெளியேற்ற முடியாது. அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தாலே இரத்தத்தில் அளவு மளமளவென்று உயர்ந்துவிடும். 1970இல் மருத்துவர்கள் இதை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள்.

இத்தகைய அனுபவங்களால், மாற்று நிறுவனத்தின் மாத்திரையும் மூல மருந்தைப் போலவே இரத்தத்தில் சேருகிறதா என்று சோதிக்கும் முறை வலுப்பெற்றது. ஆசியான் வழிகாட்டியும் பொதுவாக 80 முதல் 125 விழுக்காடு என்னும் எல்லையை வைத்திருக்கிறது. அளவு சற்றுப் பிசகினாலும் ஆபத்தான மருந்துகளுக்கு எல்லை இன்னும் குறுகலானது.

வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்தலாம்? ‘செயலற்ற பொருள்’, ‘துணைப்பொருள்’ ஆகிய இரு சொற்களையும் பலகையில் எழுதுங்கள். பிரிஸ்பேன் கதையைச் சொல்லி, எது பொருத்தமான சொல் என்று மாணவர்களை வாதிடச் சொல்லுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களின் மருந்துத் தாளில் துணைப்பொருள்களின் பெயரைத் தேடிப் படித்து வரட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: மாத்திரை மாறியிருக்கேன்னு பயந்து யாரும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. குறிப்பாக வலிப்பு மருந்தை நிறுத்தவே கூடாது. மாத்திரை மாறிய பின் தள்ளாட்டமோ மயக்கமோ வந்தால், உடனே மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்க வேண்டும். தாத்தா பாட்டிக்குத் தமிழில் அதை எடுத்துச் சொல்ல நம் பிள்ளைகளால் முடியும்.