உடைமையும் உத்தரவும்

1848ஆம் ஆண்டு யூலை மாதம் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குத் தேசாதிபதி டொரிங்டன் விதித்த வரிகள் உடனடிக் காரணமாயின. அவற்றுள் துப்பாக்கிக்கான அனுமதிக் கட்டணமும் ஒன்று. தனக்குரிய பொருளை வைத்திருக்கப் பிறரிடம் உத்தரவு பெறும் நிலை குடியானவனுக்கு ஏற்பட்டது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடினான். புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

அன்று உத்தரவிட்டது அரசு. பின்னாளில் அவ்வதிகாரத்தை உற்பத்தியாளரும் கையிலெடுத்தனர். ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்பேட் மடிக்கணினிகள் பலவற்றில், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலில்லாத கம்பியில்லா இணைப்பு அட்டையைப் பொருத்தினால் 1802 என்ற வழுவெண் தோன்றும், கணினி மேற்செல்லாது. 2005இல் அக்கணினிப் பிரிவை வாங்கிய லெனோவோவும் இவ்வழக்கைத் தொடர்ந்தது. அட்டையும் அலைவாங்கியும் ஒருங்கே வானொலி விதிகளுக்கமையச் சான்று பெற்றவை என்பது கூறப்பட்ட நியாயம். அது முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் தனித்துச் சான்று பெற்ற அட்டைகளும் மறுக்கப்பட்டன. பயனாளர் சிலர் தொடக்க மென்பொருளையே திருத்தித் தடையைக் கடந்தனர்; தவறினால் கணினி பயனற்றுப்போகும் என அறிந்தே துணிந்தனர்.

1968இல் கார்ட்டர்போன் வழக்கில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, வலையமைப்புக்குத் தீங்கிழைக்காத பிறர் கருவியையும் தொலைபேசியுடன் இணைக்கலாமெனத் தீர்ப்பளித்திருந்தது. தடைக்கு அளவுகோல் தீங்கேயன்றி விற்றவனின் விருப்பமன்று என்பது அதன் உட்பொருள்.

மாத்தளையில் வரி கண்முன் நின்றது. ஆகவே ஊர் திரண்டது. கருவியினுள் எழுதப்பட்ட தடையோ பழுது நேரும்வரை புலப்படுவதில்லை. அதனை வாங்கும்போதே அறிந்துகொள்வது உடைமையுரிமையின் முதற்படியாகும்.