எண்பது வீதப் படமும் சில்லறைச் சிகரட்டும்

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. வாசிப்பு வட்டம் முடிந்து ஒரு பின்னேரம் நாங்கள் நாலு பேர் அங்கே இருந்தோம். கடைக்கார ஐயாவின் கண்ணாடி அலுமாரியில் ஒரு சிகரட் பெட்டி திறந்தபடி கிடந்தது. அதன் முகப்பை அடைத்தபடி ஒரு புற்றுநோய்ப் படம். ஆள் வருவார், "ஒண்டு தாங்க" என்பார். ஐயா ஒன்றை உருவிக் கொடுப்பார். கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு ஆள் போய்விடுவார். அரை மணித்தியாலத்தில் ஏழு பேர் வந்து போனார்கள். ஒருவர்கூட அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

"படத்த நான் மட்டுந்தான் தம்பி பாக்கிறன். எனக்கு அந்தப் பழக்கமும் இல்ல" என்று ஐயா சிரித்தார்.

நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தப் படம் அந்த அலுமாரிக்கு வந்து சேர்ந்தது லேசான கதை அல்ல. அதற்குப் பன்னிரண்டு வருசம் எடுத்தது. அந்தக் கதையின் நடுவில் நிற்கிற அரசியல்வாதி எங்கள் மாவட்டத்துக்கும் நெருங்கிய கணக்குள்ளவர். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

2003 நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஸ்தாபனத்தின் தென்கிழக்காசிய வலயத்தில் அதை முதலில் செய்த நாடு நாங்கள்தான். அதன் தொடர்ச்சியாக 2006இல் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம் வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது, விளம்பரம் கூடாது, அனுசரணை கூடாது, மூடிய பொது இடங்களில் புகைக்கக்கூடாது என்று அது சொன்னது.

விளம்பரப் பலகையும் கிரிக்கெட் அனுசரணையும் போனபிறகு கம்பனியின் கையில் மிஞ்சிய ஒரே விளம்பரம் அந்தப் பெட்டிதான். அதன் நிறம், எழுத்து, மினுமினுப்பு எல்லாம் சட்டைப் பையிலும் மேசையிலும் ஒரு நாளைக்குப் பல தரம் கண்ணில் படும். எழுத்தில் மட்டும் இருந்த சின்ன எச்சரிக்கையை யாரும் கவனிக்கவில்லை. வாசிக்கத் தெரியாதவருக்கு அது எச்சரிக்கையே இல்லை.

2010இன் இறுதியில் மைத்திரிபால சிறிசேன சுகாதார அமைச்சரானார். எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான பொலன்னறுவையிலிருந்து 1989இல் பாராளுமன்றம் போனவர். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு றெயின் ஏறினால் வாழைச்சேனை, புனானை, வெலிகந்த தாண்டி வருகிற ஊர் அது. பெட்டியின் 80 வீதத்தைப் பட எச்சரிக்கைக்கு ஒதுக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதியை 2012இல் அவர் வர்த்தமானியில் கொண்டுவந்தார். உருகுவே ஏற்கெனவே அந்த அளவுக்குப் போயிருந்தது, அதற்காக ஒரு பன்னாட்டுக் கம்பனி அந்தச் சின்ன நாட்டைச் சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுத்திருந்தது. அவுஸ்திரேலியா 2012 டிசம்பரில் கம்பனி நிறமே இல்லாத வெறும் பெட்டிக்கு மாறியது.

இங்கேயும் அதுதான் நடந்தது. நாட்டில் சட்டப்படி சிகரட் தயாரிக்கிற ஒரே நிறுவனமான இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் போனது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 50 முதல் 60 வீதம் வரை போதும் என்றது. ஒழுங்குவிதியால் முடியாததைச் சட்டத்தால்தான் செய்யவேண்டும் என்ற நிலை வந்தது.

அதற்குள் அரசியல் புரண்டது. 2014 நவம்பரில் சிறிசேன அரசாங்கத்தை விட்டு வெளியேறி பொது வேட்பாளரானார். 2015 ஜனவரி 8 தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டம் அவருக்கு 80 வீதத்துக்கும் மேலான வாக்கைக் கொடுத்தது. எங்களில் சிலருக்கு அது முதல் வாக்கு. போரின் கடைசி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் அவர் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். தெரிந்தும் போட்டோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் வேண்டும், காணி வேண்டும், சிறையில் இருக்கிறவர்கள் வெளியே வரவேண்டும் என்றுதான் போட்டோம். சிகரட் பெட்டிக்காக யாரும் போடவில்லை.

ஆனால் சட்டப் புத்தகத்தில் முதலில் ஏறியவற்றில் ஒன்று சிகரட் பெட்டிதான். 2015இன் 3ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 80 வீதத்தை உறுதியாக்கியது. அடுத்த வருசம், 2016 செப்டெம்பரில், பொதிகளில் வரும் மெல்லும் புகையிலைக் கலவைகளும் தடைசெய்யப்பட்டன.

இதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஒரு பெரிய கம்பனி, அதிலிருந்து வருகிற வரிப்பணம், ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, எல்லாவற்றையும் தாண்டி ஒரு மக்கள் பிரதிநிதி ஒரே எண்ணில் பிடிவாதமாக நின்றார். அது அபூர்வம்.

ஆனாலும் படம் பெட்டியில் இருக்கிறது, எங்கள் சனம் வாங்குவது பெட்டி இல்லை. வாவியில் வலை போடுகிறவரும் படுவான்கரையில் கூலிக்குப் போகிறவரும் ஒன்று, இரண்டாகத்தான் வாங்குகிறார்கள். அந்தச் சில்லறை விற்பனையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை. வெத்திலைக் கூறு இன்னும் மோசம். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். பாக்கும் புகையிலைத் துண்டும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுற்றித் தருகிற கூறில் எந்தப் படத்தை ஒட்டுவது? கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தட்டில் வைக்கிற சாமானுக்கு முன்னால் சட்டம் கூச்சப்படுகிறது. நாங்களும் கூச்சப்படுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்கிற கை எப்போது கட்டுப்படுத்துகிற கையாக மாறும் என்பது தெரியாது. பெண்களுக்கு மதுபானம் விற்பதற்கு 1979இலிருந்து இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதி அமைச்சு நீக்கியது. சில நாட்களில் அதே சிறிசேன அதை மீளக் கொண்டுவரச் சொன்னார். ஆண்களுக்கு அப்படி ஒரு தடை கிடையாது. அது சுகாதாரம் இல்லை.

கடைசியாக எங்கள் ஊருக்கு வருவோம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து தாக்குதல் எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகள் செத்தார்கள். அப்போது ஜனாதிபதியும் பாதுகாப்பு அமைச்சரும் அவர்தான். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர் கடமை தவறினார் என்று தீர்ப்பளித்து 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது.

புகையால் மெல்ல மெல்ல வரும் சாவைப் பற்றி ஊருக்கே படம் காட்டி எச்சரித்தவர், தன் அரசுக்கு வந்த எச்சரிக்கையைச் சனத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே தராசில் போட்டுக் கழித்துப் பார்க்க எங்களால் முடியாது. முதலாவது நல்ல சட்டம், அது இருக்கட்டும். இரண்டாவது மன்னிக்க முடியாத பிழை, அதுவும் இருக்கட்டும். எங்களுக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: சட்டத்தை நம்பலாம், அதைக் கொண்டுவந்த ஆளை ஒவ்வொரு நாளும் கேள்வி கேட்கவேண்டும்.

கேள்வியை இங்கிருந்தே தொடங்கலாம். அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் றோட்டு, பாலம், வேலைவாய்ப்போடு இதையும் கேளுங்கள்: "சில்லறைச் சிகரட்டுக்கு என்ன சட்டம் கொண்டுவருவீங்க? வெத்திலைக் கூறுக்கு என்ன செய்வீங்க?" பதில் தெரியாவிட்டால், அந்தத் தேத்தண்ணிக் கடையில் அரை மணித்தியாலம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.