ரப்பர் இல்லாத பென்ஸில்

கொடைக்கானல் ஏரியில் ஒரு காலை நேரம். பனி இறங்கி எதிர்க்கரையை அடியோடு மறைத்துவிட்டது. என்னோடு படகில் இருந்தவர் தூத்துக்குடி அண்ணாச்சி. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாய்த்தோணியில் கழித்தவர். தோணித் தலைவரைத் தண்டல் என்பார்கள். அவர் அப்படி ஒரு தண்டல். காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு நடுங்கிக் கொண்டிருந்த மனிதர், திடீரென்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பென்ஸிலால் என்னவோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். "காலை 7-10. காற்று இல்லை. பனி." அவ்வளவுதான்.

"ஏன் அண்ணாச்சி, இந்தக் குட்டையிலே போவதற்கும் ஒரு கணக்கா?"

"தண்ணியிலே இறங்கியாச்சுன்னா எழுதிப் போடணும், தம்பி. குட்டை என்ன, கடல் என்ன!"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். கெட்டி அட்டை. நூல் வைத்துத் தைத்தது. தாள்களுக்கு அவரே கையால் எண் போட்டிருந்தார். பசை போட்டு ஒட்டிய நோட்டு ஈரத்தில் பிரிந்துவிடுமாம். எண் போட்டுவிட்டால் ஒரு தாளைக் கிழிக்க மனசு துணியாதாம். மை நனைந்தால் ஓடிவிடும் என்பதால் பென்ஸில். ஆனால் பென்ஸிலின் தலையில் ரப்பர் இருக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது. தப்பும் படிக்கும்படி இருக்க வேண்டும். இன்னொன்று: அந்தந்த வேளையிலேயே எழுத வேண்டும். ராத்திரி சாவகாசமாக உட்கார்ந்து எழுதினால் அது கணக்கு அல்ல, கதை.

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் விஷமம் இருந்தது. காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன் அவருடைய தோணியில் ஒரு நாள் பிரயாணம் செய்துவிட்டு வந்து, ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினேன். மலை மலையாக அலை எழுந்ததாகவும், பாய் கிழிய இருந்ததாகவும், நான் பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நின்றதாகவும் எழுதியிருந்தேன். பலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். பிறகு ஒரு நாள் அண்ணாச்சி தம்முடைய பழைய நோட்டைக் காட்டினார். அந்தத் தேதியில் இருந்தது இதுதான்: "இளங்காற்று. கடல் அமைதி. விருந்தாளிக்கு வாந்தி."

இங்கிலீஷில் இந்த நோட்டுக்கு லாக் புத்தகம் என்று பெயர். லாக் என்றால் மரக்கட்டை. பழைய காலத்துக் கப்பல்களில், இடைவெளி விட்டு முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணல் கடிகாரத்தில் மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கை நழுவிப் போகிறதோ அதுதான் கப்பலின் வேகம். அதைக் குறித்து வைத்த ஏட்டுக்குக் கட்டையின் பெயரே நிலைத்துவிட்டது. நமக்கும் இப்படிக் குறித்து வைப்பது புதிதல்ல; புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் ஆரம்பித்த தினசரிக் குறிப்பில் எந்தக் கப்பல் எப்போது வந்தது என்பதெல்லாம் இருக்கிறது. இந்த மாதிரி ஏடுகளை எழுதியவர்களுக்கு, பின்னால் அதை யார் புரட்டுவார்கள் என்று தெரியாது. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மாத்யூ மோரி என்பவர், தூசி படிந்து கிடந்த கப்பல் ஏடுகளைத் தேடி எடுத்து, கடலின் காற்றையும் நீரோட்டத்தையும் காட்டும் படங்களை 1847 முதல் வெளியிட ஆரம்பித்தார். என்றோ செத்துப்போன மாலுமிகளின் "இன்று காற்று இல்லை"யும் அதில் சேர்ந்துகொண்டது.

பனி சற்று விலகியது. இந்த ஏரியே மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடைக்குக் கரை கட்டி உண்டாக்கியது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். "அப்போ இது எங்க ஊர்க் கடல்தான்!" என்றார் அண்ணாச்சி. ஆனால் கடலுக்கும் இந்த மலைக்கும் அதைவிடப் பெரிய ஒரு சம்பந்தம் உண்டு. அது மேலே, ஏழாயிரத்து அறுநூறு அடிக்கு மேற்பட்ட உயரத்தில், வானசாஸ்திர நிலையமாக நிற்கிறது.

கதை சென்னையில் தொடங்குகிறது. சோழமண்டலக் கரையில் கப்பல் ஓட்டுகிறவர்களுக்குத் தாங்கள் இருக்கும் இடமும் நேரமும் சரியாகத் தெரிய வேண்டும். அதற்கு வானத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானிலையம் கட்டியது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டினார்கள். அங்கே கோல்டிங்ஹாம் என்பவர் 1796-ல் தட்பவெப்பக் குறிப்பு எழுதத் தொடங்கினார். அதே இடத்தில்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி உத்தியோகம் பார்த்தார். 1867-ல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

பிறகு பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. ஹண்டர் என்ற சர்க்கார் அதிகாரி, சென்னையின் பழைய மழைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய பதினொரு வருஷத்துக்கு ஒரு முறை சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் மழைக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1877-ல் எழுதினார். அப்படியானால் சூரியனை விடாமல் பார்த்து எழுதி வர வேண்டும் அல்லவா? மிக்கி ஸ்மித் என்ற வானசாஸ்திரி பழனி மலையையும் நீலகிரியையும் ஆராய்ந்தார். கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1895-ல் கவர்னர் வென்லாக் பிரபு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1899-ல் சென்னையிலிருந்து வானசாஸ்திர வேலை இங்கே மாறியது. அப்போது மலைக்கு மோட்டார் பாதை கிடையாது. வருகிறவர்கள் நடந்தோ, மட்டக் குதிரையிலோ, கூலியாட்களின் தோளிலோதான் வர வேண்டும்.

1904 முதல் இங்கே சூரியனை நாள்தோறும் படம் பிடித்து வந்தார்கள். கண்ணாடித் தகட்டிலும் பின்னர் பிலிமிலும் பதிந்தார்கள். புள்ளிகளையும் சுடர்களையும் வட்டத் தாளில் பல நிறங்களில் கையாலும் வரைந்தார்கள். காலையில் மேகம் சூழ்வதற்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும். அப்படியும் மலையில் மழைக்காலம் மழைக்காலம்தான். சூரியன் முகம் காட்டாத நாட்கள் வரும். அந்த நாளுக்குப் படம் கிடையாது. நேற்றைய படத்தைப் பார்த்து இன்றைக்கு ஒன்று வரைந்துவிட யாருக்கும் உரிமை இல்லை. கட்டுரை எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு கடினமான விதி என்று எனக்குத் தெரியும்.

எந்த ஆசையில் ஏட்டைத் திறந்தார்களோ அது நிறைவேறவில்லை. கரும்புள்ளியை எண்ணிப் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. பஞ்சத்துக்குச் சூரியன் பதில் சொல்லவில்லை. அதற்காக ஏட்டை மூடிவிடவும் இல்லை. 1909 ஜனவரியில், ஜான் எவர்ஷெட் இங்கேயே ஒரு புதுமையைக் கண்டார்: கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது. உலகம் அதை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தத் தகடுகளையும் தாள்களையும் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி, சூரியனின் போக்கை ஆராய்கிறார்கள். குளிரில் கை விறைக்க அவற்றை எடுத்தவர்களில் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது படகு துறையை நெருங்கியிருந்தது. அண்ணாச்சி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சூரியன்லேயும் காத்து அடிக்குன்னு சொல்லுங்க" என்றார். நோட்டையும் பென்ஸிலையும் என்னிடம் நீட்டி, "கரைக்கு வந்தாச்சு. நீங்களே எழுதுங்க, தம்பி" என்றார்.

"காலை 8-05. கரை" என்று எழுதினேன். கை சும்மா இருக்கவில்லை. "வெள்ளிப் பனி" என்று ஆரம்பித்துவிட்டேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. பனியைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழிப்பதற்கு ரப்பர் இல்லை. "வெள்ளி" மேல் ஒரு கோடு போட்டேன்.