தென் இத்தாலியின் காய்கறிப் பாஸ்டா

பாஸ்டா என்பது கோதுமை மாவைப் பிசைந்து, பல வடிவங்களில் செய்து, வேகவைத்து உண்ணும் இத்தாலிய உணவு. அதைக் கீரை, பயறு, தக்காளி, கத்தரிக்காய் போன்றவற்றுடன் சேர்த்துச் சமைப்பது தென் இத்தாலியின் நெடுநாள் வழக்கம். இன்று அது உடல்நலத்துக்கு உகந்த உணவாக உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அந்த உணவை உருவாக்கியவர்கள் உடல்நலத்தை எண்ணி அதைச் சமைக்கவில்லை. இறைச்சி வாங்க வசதியற்ற குடும்பங்கள், தோட்டத்திலும் சந்தையிலும் மலிவாகக் கிடைத்ததைக் கொண்டு பசியாறிய முறையே அது.

தொடக்கம்

தென் இத்தாலியில் பிறந்த ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய அங்கதக் கவிதை ஒன்றில் தம் எளிய இரவு உணவைக் குறிப்பிடுகிறார். லீக் எனும் வெங்காய இனக் கீரை, கொண்டைக்கடலை, 'லகானா' என்னும் மாவுத் தகடு ஆகியவை அதில் இடம்பெற்றன. லகானா இன்றைய பாஸ்டாவைப் போலச் சமைக்கப்பட்டதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் கோதுமை, பயறு, கீரை மூன்றும் ஒரே கலத்தில் சேர்ந்த பழமையான சான்று இது.

உலர்ந்த பாஸ்டா சிசிலித் தீவில் பெருந்தொழிலாக வளர்ந்தது. அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி 1154-இல் முடித்த நூலில், பலெர்மோ அருகேயுள்ள திராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' என்னும் மாவு இழைகள் பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பல்களில் வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டன என்று பதிவு செய்துள்ளார்.

செல்வர் வீட்டுப் பாஸ்டா வேறு வகையானது. அதன்மீது பாலாடைக்கட்டியும், சில வேளைகளில் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் தூவப்பட்டன. 15-ஆம் நூற்றாண்டுச் சமையல் வல்லுநர் மார்த்தினோ, சிசிலி மக்ரோனியை இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறார். இன்று இத்தாலியர் பத்து நிமிடம் அளவில் வேகவைத்து, நடுவில் சற்றே கடினம் இருக்கும்போது இறக்கிவிடுகின்றனர்.

இலை தின்போர் மக்ரோனி தின்போர் ஆனது

முற்காலத்தில் நேப்பிள்ஸ் மக்களை மற்ற இத்தாலியர் 'இலை தின்போர்' என்று கேலி செய்தனர். முட்டைக்கோசும் கீரைகளும் சிறிதளவு இறைச்சியுமே அவர்களது உணவாக இருந்தன. 'மக்ரோனி தின்போர்' என்ற பெயர் அப்போது சிசிலியர்களுக்கு உரியது.

17-ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. வேளாண் வரலாற்றாசிரியர் எமிலியோ செரேனி 1958-இல் எழுதிய கட்டுரையில் இதற்கான காரணங்களை ஆராய்ந்தார். ஸ்பானிய ஆட்சியின்கீழ் இருந்த நேப்பிள்ஸில் மக்கள்தொகை பெருகியது; இறைச்சி எட்டாக்கனியானது. அதே காலத்தில் மாவு பிசையும் பொறியும், அச்சுவழி மாவைப் பிழியும் பொறியும் பரவியதால் பாஸ்டாவின் விலை இறங்கியது. கீரையும் இறைச்சியும் இருந்த இடத்தைப் பாஸ்டாவும் பாலாடைக்கட்டியும் பிடித்தன. தெருக்கடைகளில் பெரிய கொப்பரைகளில் வெந்த மக்ரோனியை மக்கள் வாங்கி, தலையை அண்ணாந்து கையாலேயே வாயில் இட்டுக்கொண்டனர். நகரத்து ஏழையின் பசி தீர்ந்தது. ஆனால் அவன் தட்டில் கீரையின் பங்கு குறைந்தது.

தக்காளியின் வருகை

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்த தக்காளி, உடலுக்கு ஒவ்வாதது என்ற ஐயத்தால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. நேப்பிள்ஸில் பணியாற்றிய அந்தோனியோ லத்தீனி 1690-களில் வெளியிட்ட சமையல் நூலில் 'ஸ்பானிய முறை' தக்காளிக் குழம்பு இடம்பெற்றது; அது பாஸ்டாவுக்கென எழுதப்பட்டதன்று. பாஸ்டாவும் தக்காளியும் நூல்களில் ஒன்றுசேர மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த இணை நேப்பிள்ஸின் அடையாளமாகவே மாறியது.

ஊர்ப்புறங்களில் அந்தந்த நிலத்தின் விளைச்சல் பாஸ்டாவுடன் சேர்ந்தது. புலியாப் பகுதியில் காது வடிவப் பாஸ்டாவுடன் கடுகு இனக் கீரை ஒன்றை ஒரே நீரில் வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் பூண்டும் சேர்ப்பர். சிசிலியின் கத்தானியா நகரில் வறுத்த கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த பாஸ்டா புகழ்பெற்றது. பீன்ஸ் பயறு அல்லது கொண்டைக்கடலை சேர்ந்த பாஸ்டா நாடெங்கும் உண்ணப்படுகிறது.

சமையல் முறையும் சத்தும்

இத்தாலியில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம், உலர்ந்த பாஸ்டாவை டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் செய்ய வேண்டும் என்று விதித்தது. அதன் புரதம் வலைபோல் மாவுச்சத்தைச் சூழ்ந்திருப்பதால், குழையாமல் வெந்த பாஸ்டா மெதுவாகச் செரிக்கிறது. இரத்தச் சர்க்கரையும் மெதுவாகவே உயர்கிறது. கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயறுகளில் நிறைய உண்டு. தக்காளியை எண்ணெயுடன் சமைக்கும்போது அதன் லைகோப்பீனை உடல் எளிதில் ஏற்கிறது. கீரையின் நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி வேகவைத்த நீருக்குப் போய்விடும்; அந்நீரில் ஒரு கரண்டியைக் குழம்பில் சேர்க்கும் வழக்கத்தால் அதில் சிறிது மீட்கப்படுகிறது. அந்நீரின் மாவுச்சத்து, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் இணைக்கவும் உதவுகிறது.

ஏழ்மையிலிருந்து உலகப் புகழுக்கு

அமெரிக்க உடலியங்கியலாளர் ஆன்சல் கீஸ் 1950-களின் தொடக்கத்தில் நேப்பிள்ஸுக்கு வந்தார். அந்நகர உழைப்பாளிகளிடையே மாரடைப்பு அரிதாக இருந்ததைக் கவனித்தார். 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. நாடுகளைத் தெரிவுசெய்த முறை பற்றியும், தொடர்பு இருப்பதாலேயே அது காரணமாகிவிடாது என்பது பற்றியும் இவ்வாய்வின்மீது விமர்சனங்கள் எழுந்தன. எனினும் 'மத்தியதரைக்கடல் உணவுமுறை' என்ற கருத்து உலகெங்கும் பரவ அதுவே வழிவகுத்தது. 2010-இல் யுனெஸ்கோ அம்முறையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கீஸ் பல ஆண்டுகள் வாழ்ந்த சிலெந்தோ பகுதி அதன் இத்தாலியப் பிரதிநிதியாகக் குறிக்கப்பட்டது.

கீஸ் வியந்த அந்த உணவை உண்டவர்கள் அதிலிருந்து விடுபடவே விரும்பினர். 1950-களின் இறுதியில் இத்தாலியப் பொருளாதாரம் வளரத் தொடங்கியதும், இறைச்சியும் வெண்ணெயும் அவர்கள் வீடுகளில் பெருகின. மருத்துவர்கள் அவ்வுணவைப் புகழத் தொடங்கிய அதே காலத்தில், அதன் சொந்த நிலத்திலேயே அது குறைந்துவந்தது. வெளிநாட்டு உணவகங்களில் பாஸ்டா பரவியபோது, பாலேடும் பாலாடைக்கட்டியும் தட்டை நிறைத்தன. காய்கறி ஓர் அலங்காரமாகச் சுருங்கியது. தென் இத்தாலியரின் வீட்டுச் சமையலில் பாஸ்டா ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 80 கிராம். கீரையும் பயறும் அதற்கு ஈடாக இருக்கும். பாஸ்டா நலம் தரும் உணவா என்பதை முடிவுசெய்வது இந்த விகிதமே.