தோட்டப்புற மாணவர்களிடம் சிகரெட், வேப், மது

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை முடித்ததும், 13 வயதுவாக்கில் பஸ் ஏறிப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். புதிய நட்போடு புகையும் மதுவும் அறிமுகமாகும் வயது இது.

இம்மாநிலத்தின் 4,500 இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில் சுமார் 14 விழுக்காட்டினர் புகைப்பவர்கள். அன்று சிகரெட், இன்று வேப். சுகாதார அமைச்சின் 2022 ஆய்வின்படி, நாடு முழுவதும் 13 முதல் 17 வயதுடையோரில் சிகரெட் புகைப்போர் 6.2 விழுக்காடு, வேப் இழுப்போர் 14.9 விழுக்காடு. 2017இல் வேப் 9.8 விழுக்காடாக இருந்தது. பழ வாசனை வீசுவதால் வீட்டில் எளிதில் தெரிவதில்லை.

மது வருவது வேறு வழியில். கள்ளும் சம்சுவும் தோட்ட வாழ்வோடு நெடுங்காலம் ஒட்டியவை. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் பெரியவர்கள் குடிப்பதைப் பிள்ளைகள் பார்த்தே வளர்கின்றனர்.

2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்கக்கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குக் குறைந்தோருக்குச் சிகரெட், வேப் விற்பது குற்றம். அவர்கள் வாங்கினாலும் புகைத்தாலும் 500 வெள்ளி வரை அபராதம் அல்லது சமூக சேவை விதிக்கப்படலாம்.

ஆகவே, "அப்பாவுக்கு ஒரு பாக்கெட் வாங்கி வா" என்று மகனைக் கடைக்கு அனுப்பும் பழக்கம் அவனையே சிக்கலில் மாட்டிவிடும். தடுப்பு அங்கிருந்தே தொடங்க வேண்டும். புகைப்பதை நிறுத்த விரும்புவோருக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் ஆலோசனை கிடைக்கும். அப்பாவும் மகனும் சேர்ந்தே போகலாம்.