வஸிய்யத் முதல் பாகப்பிரிவினை வரை: சொத்தை முறைப்படுத்த எவ்வளவு செலவாகும்?

ஒருவர் வஃபாத்தானதும் அவருடைய சொத்திலிருந்து நான்கு காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து கடன். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் இந்தக் கடனில் சேரும். மூன்றாவது வஸிய்யத். மீதமிருப்பதே வாரிசுகளின் பங்கு. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 11, 12 வசனங்கள் பங்குகளைச் சொல்லும்போது, வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகே பங்கு என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன.

மார்க்கத்தில் இது தெளிவாக இருந்தும், நம் குடும்பங்களில் பலர் எதையும் எழுதி வைப்பதில்லை. காரணம் கேட்டால், "வக்கீல், பத்திரம் என்று போனால் செலவு எக்கச்சக்கமாகும்" என்பார்கள். உண்மையில் எவ்வளவு ஆகும்? தமிழ்நாட்டு நிலவரப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வஸிய்யத்: மிகக் குறைந்த செலவு

வஸிய்யத்துக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதலாம். பதிவு செய்வது கட்டாயமில்லை. விரும்பினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். அதற்கான கட்டணம் சொத்தின் மதிப்பைப் பொறுத்து ஏறுவதில்லை. முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. முஸ்லிம்களின் வஸிய்யத்துக்கு நீதிமன்றத்தில் மெய்ப்பிதழ் வாங்குவதும் கட்டாயமில்லை. நம்பகமான இரண்டு சாட்சிகளை வைத்து எழுதி, பதிந்துவிடுவதே பாதுகாப்பு. பின்னாளில் மனம் மாறினால் ரத்து செய்து வேறு எழுதலாம்.

ஆனால் ஷரீஅத் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செல்லாது. தன் சொத்தில் எவ்வளவு வஸிய்யத் செய்யலாம் என்று ஸஃது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தி, அதுவே அதிகம் என்றார்கள். இரண்டாவது, பங்கு பெறும் வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. மரணத்துக்குப் பிறகு மற்ற வாரிசுகள் மனமொப்பி ஏற்றால் தவிர. எனவே, "வீடு முழுவதும் மூத்த மகனுக்கு" என்று உயில் எழுதிப் பதிந்தாலும், மற்றவர்கள் சம்மதிக்காவிட்டால் அது நிற்காது.

அப்படியானால் வஸிய்யத் யாருக்கு? தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகன் இறந்துவிட்டால், அந்த மகனின் பிள்ளைகளுக்கு, வேறு மகன் உயிரோடிருக்கும் நிலையில், பாட்டனாரின் சொத்தில் பங்கு வராது. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் சட்டம் இதுதான். அந்த யதீம் பிள்ளைகளுக்குப் பாட்டனார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, மூன்றில் ஒரு பங்குக்குள் அவர்களுக்கு வஸிய்யத் எழுதி வைப்பதுதான். முத்திரைச் செலவே இல்லாத ஒரு தாள் எழுதப்படாமல் போனதால் வெறுங்கையோடு நின்ற பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்!

ஹிபா, செட்டில்மெண்ட்: உயிரோடிருக்கும்போது கொடுப்பது

கொடுப்பவர் அறிவிக்க வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், சொத்து கைமாற வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் ஹிபா நிறைவேறும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு முஸ்லிம்களின் ஹிபாவுக்கு விலக்கு அளிக்கிறது. எழுத்தில் இருந்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று 2011இல் ஹஃபீஸா பீபி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் பட்டா மாற்றும்போதும் வங்கிக் கடன் கேட்கும்போதும் பதிந்த பத்திரத்தைத்தான் கேட்பார்கள். ஆகவே பெரும்பாலோர் செட்டில்மெண்ட் பத்திரமாகப் பதிகிறார்கள்.

2023 ஜூலை முதல் உள்ள விகிதப்படி, கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 20 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு இரண்டும் சேர்ந்து 30,000 ரூபாய். 50 லட்சமானாலும் ஒரு கோடியானாலும் 50,000 ரூபாய்தான். மருமகனோ, உறவில்லாத வேறொருவரோ இந்தச் சலுகையில் வரமாட்டார்கள். வெளியாருக்குத் தானமாகவோ கிரயமாகவோ எழுதினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம்.

கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் இந்த வழியில் இறங்கக் கூடாது. "என் காலத்துக்குப் பிறகு உனக்கு" என்று எழுதினால் அது ஹிபா ஆகாது. மரணப் படுக்கையில் எழுதும் ஹிபா வஸிய்யத்தின் எல்லைக்குள் வந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், பிள்ளைகளிடையே நீதம். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டதை, நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். பெண் பிள்ளைகளைக் கழித்துவிடுவதற்காகவே எழுதப்படும் செட்டில்மெண்டுக்கு 50,000 ரூபாய் கட்டணம் கட்டியதோடு கணக்கு முடிவதில்லை. மீதிக் கணக்கு மறுமையில் இருக்கிறது.

மரணத்துக்குப் பின்: பாகப்பிரிவினை

இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் பெறலாம். சேவைக் கட்டணம் 60 ரூபாய். வில்லங்க விவரத்தையும் பட்டாவையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். யாருக்கு எத்தனை பங்கு என்ற ஃபராயிழ் கணக்கை உங்கள் ஊர் ஆலிமிடம் எழுதி வாங்குங்கள்.

ஓர் உதாரணம்: கடனும் வஸிய்யத்தும் போக 64 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்து. வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 8 லட்சம். மகனுக்கு 28 லட்சம். மகள்களுக்கு ஆளுக்கு 14 லட்சம். குடும்பப் பாகப்பிரிவினைக்கும் பங்கு ஒன்றுக்கு முன்சொன்ன அதே 1 சதவீதமும் அதே உச்சவரம்பும்தான். முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 64,000, பதிவுக் கட்டணம் 38,000. ஆக 1,02,000 ரூபாய். ஆவண எழுத்தர் அல்லது வக்கீல் கூலி, நில அளவை போன்றவை தனி.

இதே குடும்பம் ஒத்துப்போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். பங்கு மறுக்கப்பட்டு வெளியே நிற்கும் ஒரு மகள் வழக்குப் போட்டால், அவருடைய பங்கின் மதிப்பில் 3 சதவீதம், அதாவது 42,000 ரூபாய், நீதிமன்றக் கட்டணமாக மட்டுமே ஆகும். இந்த விகிதம் 2017க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. இதற்கு மேல் இரு தரப்பு வக்கீல் கூலி, ஆண்டுக்கணக்கான அலைச்சல், முறிந்துபோகும் உறவு.

ஜமாஅத்தில் பேசி முடித்துக் கையெழுத்து வாங்குவது நல்ல காரியம். ஆனால் அதோடு நிற்கக் கூடாது. அசையாச் சொத்தைப் பிரிக்கும் பத்திரம் பதியப்பட வேண்டும். சகோதரியிடம் விடுதலைப் பத்திரம் வாங்குவதாக இருந்தால், அவருடைய பங்கின் மதிப்பு என்ன என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். "கல்யாணத்துக்குச் செய்த சீர் போதும்" என்பது ஃபராயிழ் கணக்கில் இல்லை.

வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் வாரிசு, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அதிகாரமும் முடிந்துவிடும்.

நாமினி உரிமையாளர் அல்லர்

வங்கியிலும் காப்பீட்டிலும் நாமினி போடச் செலவே இல்லை. ஆனால் நாமினி அந்தப் பணத்தை அமானத்தாகப் பெறுபவரே. காப்பீட்டுப் பணம் குறித்து 1984இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகள் குறித்து 2023இலும் உச்சநீதிமன்றம் இதையே சொன்னது. பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் கடமை.

வக்கீல் கூலி: கேட்க வேண்டியவை

வக்கீல் கூலிக்கு அரசு நிர்ணயித்த ஒரே விலை கிடையாது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே முன்கூட்டியே பிரித்துக் கேளுங்கள்:

- மூலப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துரை தர எவ்வளவு?
- பத்திர வாசகம் தயாரிக்க எவ்வளவு?
- பதிவு நாளில் உடன் வர எவ்வளவு?
- அரசுக்குக் கட்டும் தொகை எது, அவருடைய கூலி எது?
- வழக்கென்றால் மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டும் பணத்துக்கு ரசீது பெறுங்கள். மூலப் பத்திரத்தைக் கொடுத்தால் அதற்கும் ஒப்புகை கேளுங்கள். "ஜெயித்தால் சொத்தில் இத்தனை பங்கு" என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

முஸ்லிம் தனியார் சட்டம் தெரிந்தவரிடம் போவது அவசியம். நம் சட்டத்தில் பிறப்பால் உரிமை வரும் பூர்வீகச் சொத்து என்பது இல்லை. உரிமையாளர் இறந்த பிறகே வாரிசுக்கு உரிமை. பழைய மாதிரியைப் பார்த்து அந்த வாசகத்தை அப்படியே சேர்த்துவிட்டால் பிறகு வீண் குழப்பம்.

பணமில்லை என்பதால் எந்தப் பெண்ணும் தன் ஹக்கை விட்டுவிட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

இந்த வாரம் செய்யக்கூடியது

கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், மஹர், பிறருடைய அமானத், பத்திரங்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நம்பிக்கையான இருவருக்குத் தெரியப்படுத்துங்கள். வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கலாகாது என்பது நபிமொழி. அந்தத் தாளுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

அவரவர் ஹக்கை அவரவரிடம் சேர்த்துவிட்டுச் செல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.